மணல்மேல் அணை கட்டியவர்

தோழர்களே!

முக்கொம்பு எங்கே என்று தெரியுமல்லவா? திருச்சிக்கு மேற்கே, அகண்ட காவிரி இரண்டாகப் பிரியும் இடம். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கொள்ளிடம் சரிவு மிகுந்த ஆறு. காவிரியோ மெல்ல நடப்பவள். தடுப்பாரின்றி விட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பள்ளத்தை நோக்கித்தானே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அதுதான். காவிரியின் தலைவாயில் மணல் மேடிட்டது. கொள்ளிடம் கொழுத்தது, தஞ்சை காய்ந்தது. கல்லணை கம்பீரமாகத்தான் நின்றது. அதனிடம் வந்து சேரும் நீர்தான் குறைந்துவிட்டது.

அந்த வேளையில் வந்தவர் ஆர்தர் காட்டன். 1803-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1821-ல் சென்னைக்கு வந்த கும்பினிப் பட்டாளத்துப் பொறியாளர். நம்மை ஆளவந்த கூட்டத்தவர்தான், மறைக்கவில்லை. வயல் காய்ந்தால் வரி குறையும் என்பது கும்பினியின் கணக்கு; அதையும் மறக்கவில்லை. ஆயினும் ஒரு பண்பு அவரிடம் இருந்தது. அடி காணாத ஆற்று மணலில் அடித்தளம் இடுவது எப்படி என்ற கேள்விக்கு, பெயர் தெரியாத நம் முன்னோர் எழுப்பிய கல்லணையிலே பாடம் கற்றார். கற்றேன் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்!

1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. காவிரிக்கு மீண்டும் உயிர் வந்தது. ஆனால் ஆறு எளிதில் அடங்குமா? இப்போது காவிரிக்குள் நீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து, அடியை அரித்தது. 1840-களில் காவிரியின் தலைப்பிலும் தடுப்பு கட்டவேண்டியதாயிற்று. ஒரு கிளையைத் தொட்டால் மறுகிளை கேள்வி கேட்கும் என்பதே அந்த ஆறு புகட்டிய பாடம்.

பின்னர் அவர் கோதாவரிக் கரைக்குப் போனார். பஞ்சம் தின்ற பூமி அது. 1847-ல் தொடங்கி 1852-ல் தவளேசுவரம் அணை முடிந்தது. கல் சுமந்தவர்கள், கூடை தூக்கியவர்கள், வெயிலில் வெந்தவர்கள் பல்லாயிரவர். வரலாறு காட்டனின் பெயரைப் பொறித்தது. அந்தப் பாட்டாளிகளின் பெயரைப் பொறிக்கவில்லை. பட்டினி கிடந்த மாவட்டம் நெற்களஞ்சியமாயிற்று.

ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று வாதாடினார் காட்டன். லண்டனில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. 1878-ல், எழுபத்தைந்து வயதில், பாராளுமன்றக் குழுவின் முன் நின்று அதே வாதத்தைச் சொன்னார். 1899-ல் கண் மூடினார்.

இது பழங்கதைதானே என்று எண்ணாதீர்கள், தோழர்களே! 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழகத்துக்குக் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், வெள்ளம் வந்தபோது, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன! பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்தது.

எல்லைக்கு அப்பாலிருந்து வரவேண்டிய நீருக்காகப் போராடுகிறோம், போராடத்தான் வேண்டும். வந்த நீரைக் கடைமடைவரை கொண்டுசேர்க்கும் மதகையும், அந்த மதகைத் தாங்கும் மணலையும் காப்பது யார் கடமை? மணல்மேல்தான் அணை நிற்கிறது. மணலை வாரி விற்றுவிட்டு, அணை சாய்ந்ததே என்று அழுது பயனென்ன? கடலோரத்து வயலில் உப்பு ஏறியபின் ஒப்பந்தத்தைக் காட்டினால் நெல் விளையுமா?

கல்லணையைக் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. காட்டன் கற்றுக்கொண்டார். நாம் மறக்கலாமா?