அட்டையில் உயிர் கொடுத்தவர்

ஓவியம் என்றாலே நம் மாணவர்கள் வாயில் பிக்காசோ, வான்கா என்று இரண்டு பெயர்தான் சட்டென்று வரும். போலந்து நாட்டு ஓவியர் ஓல்கா போஸ்னான்ஸ்காவை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் என்பதால் எழுதுகிறேன்.

1865-ல் கிராக்கோவ் நகரில் பிறந்தார். அப்பா ரயில்வே என்ஜினீயர். அம்மா பிரெஞ்சுக்காரர், முதலில் படம் போடச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். மேலே படிக்க 1886-ல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனார். அங்கே பேர்பெற்ற ஓவியக் கல்லூரி இருந்தது. ஆனால் பெண்களுக்கு அட்மிஷன் கிடையாது! 1920-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அதுக்காக ஓல்கா மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடவில்லை. அப்பா பணம் அனுப்பினார். தனி ஆசிரியர்களிடம் படித்தார். மியூசியம் மியூசியமாகப் போய்ப் பார்த்துப் பார்த்தே பழகினார்.

அந்தக் காலத்து இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் வெயிலைத் தேடி வெளியே போனார்கள். இவரோ அறைக்குள் உட்கார்ந்து மனுஷ மனசைத் தேடினார். 1894-ல் வரைந்த 'சாமந்திப் பூக்களுடன் சிறுமி' படத்தைப் பாருங்கள். சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிற உடை, கையில் வெள்ளைச் சாமந்தி. வெளுத்த முகத்தில் இரண்டு கறுப்புக் கண்கள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஏதோ கேட்க வந்து தயங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

இதில் நம்மைப் போன்ற டெக்னிக்கல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வரைந்தது கான்வாஸில் இல்லை, அட்டையில்! அட்டை, பெயிண்டில் உள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். பளபளப்பு போய், வண்ணம் சாக்பீஸ் பொடி பூசியது போல மங்கலாக நிற்கும். அந்த மங்கல்தான் அவருடைய முத்திரை.

அதே 1894-ல் இன்னொரு உருவப்படத்துக்கு வியன்னாவில் தங்கப் பதக்கம். 1898-ல் பாரிஸில் குடியேறினார். ஒரு முகத்தை முடிக்க ஆளை எத்தனையோ தடவை வந்து உட்காரச் சொல்வாராம். 1912-ல் பிரான்ஸ் அரசின் விருது கிடைத்தது. கடைசிக் காலத்தில் வறுமையும் தனிமையும்தான். 1940-ல் பாரிஸிலேயே காலமானார். அந்தச் சிறுமி மட்டும் கிராக்கோவ் தேசிய அருங்காட்சியகத்தில் இன்னமும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பொம்பளைப் பிள்ளைக்கு டிப்ளமோ எதுக்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓல்காவுக்குக் கல்லூரி கிடைக்கவில்லை, ஆனாலும் கற்றார். தோழிகளே, நமக்குக் கிடைத்திருக்கிறது. வீணாக்கலாமா?