ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் போட்ட டாக்டர்
மனநோய்க்குக் குடும்பத்தையே மருந்தாக்கிய வித்யாசாகரின் கதை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து கணவன் வீடு திரும்புகிறான். தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. தாயோ சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, குழந்தையைத் தூக்கவும் மனம் இல்லை.

காற்று கருப்பு பட்டிருக்கும் என்கிறாள் மாமியார். எல்லாம் சோம்பல் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறான் கணவன்.

இப்படிப்பட்ட வீடுகள் திருவள்ளூர் பக்கத்தில் மட்டுமா? எல்லா ஊரிலும் இருக்கின்றன. இது பேயும் அல்ல, சோம்பலும் அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. இது ஒரு நோய். இந்தியாவில் ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு இது வருவதாக 2017-ம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இன்று இந்த நோய்க்கு டாக்டரிடம் போனால், தாயை மட்டும் பார்த்து அனுப்புவதில்லை. கணவனையும் மாமியாரையும்கூட உட்கார வைத்துப் பேசுகிறார்கள். மனநோய் வைத்தியத்தில் குடும்பத்துக்கும் இடம் உண்டு என்று நம் நாட்டில் நடத்திக் காட்டிய முன்னோடி யார்? அவர்தான் டாக்டர் வித்யாசாகர்!

எல்லை தாண்டி வந்தவர்கள்

வித்யாசாகர் 1909-ம் ஆண்டு பிறந்தவர். பஞ்சாபில் உள்ள அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராக இருந்தார்.

அது நாடு இரண்டாகப் பிரிந்திருந்த சமயம். நிலத்தைப் பிரித்தார்கள், ரெயிலைப் பிரித்தார்கள், கடைசியில் மனநோயாளிகளையும் பிரித்தார்கள்! லாகூர் ஆஸ்பத்திரியில் இருந்த சுமார் 450 பேர் 1950-ம் ஆண்டு எல்லை தாண்டி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அமிர்தசரஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. நர்சுகளும் டாக்டர்களும் போதவில்லை.

இதைவிடப் பெரிய துன்பம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மனநோய் ஆஸ்பத்திரி என்றாலே மக்களுக்கு நடுக்கம். அங்கே போனால் அடிப்பார்கள், பூட்டி வைப்பார்கள் என்று பயந்தார்கள். நோயாளியைக் கொண்டுவந்து விட்ட உறவினர் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நோய் குணமானாலும் அழைத்துப் போக ஆள் இல்லை. மனைவியாக வந்தவள், தாயாக வந்தவள், அனாதையாகவே அங்கே காலம் கழித்தாள்.

கூடாரங்கள் எழுந்தன

வித்யாசாகர் யோசித்தார். உறவினரை வாசலோடு அனுப்பிவிடுவதால்தானே உறவு அறுந்து போகிறது? அவர்களையும் உள்ளே தங்க வைத்தால் என்ன?

தங்க வைக்க அறை ஏது? ராணுவத்திடமிருந்து கூடாரங்களை இரவல் வாங்கினார். ஆஸ்பத்திரி மைதானத்தில் வரிசையாக அடித்தார். நோயாளியோடு குடும்பத்தாரும் அவற்றில் தங்கினார்கள்.

குடும்பத்தாரே நோயாளிக்கு உணவு கொடுத்தார்கள், பணிவிடை செய்தார்கள். டாக்டர் அவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். இது சாபம் அல்ல, நோய். சூடு போடுவதாலும் சங்கிலியாலும் தீராது. அன்பும் பொறுமையும் மருந்தும் வேண்டும் என்று எளிய மொழியில் விளக்கினார். குணமானவர்களும் அங்கே எழுந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதனால் தெம்பு பிறந்தது.

பலன் என்ன? வருஷக்கணக்கில் கிடக்க வேண்டியவர்கள் சில வாரங்களில் வீடு திரும்பினார்கள். வீட்டில் அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குடும்பத்தாரும் கற்றுக்கொண்டு போனார்கள்.

பிற்காலத்தில் வித்யாசாகர் ரோத்தக் மருத்துவக் கல்லூரியின் தலைவராகவும் பணியாற்றினார். 1978-ம் ஆண்டு காலமானார். அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நம் ஊரிலும் வந்தது

வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ம் ஆண்டு தொடங்கியது. அங்கேயும் நோயாளியுடன் உறவினர் தங்கும் முறை வந்தது.

வித்யாசாகரின் கூடாரம் பிள்ளை பெற்றவளுக்கென்று அடித்தது அல்ல. எல்லா மனநோயாளிக்கும் அடித்தது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குத்தான் அந்த வழி மிக அவசியம். ஏன்?

வேலூர் டாக்டர்கள் கணியம்பாடி கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2002-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனக்கசப்பு, வீட்டு வேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை உள்ள பெண்களுக்கே இது அதிகம் வந்தது. இவற்றில் பல, குடும்பத்தார் மனம் வைத்தால் மாறக்கூடியவை அல்லவா?

பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் 2009-ம் ஆண்டு, தாயும் சேயும் பிரியாமல் தங்கி வைத்தியம் பெறும் வார்டு 5 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தாய் சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடப் போவதாகச் சொன்னாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது. 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் இரவும் பகலும் தமிழில் யோசனை கேட்கலாம்.

இரவில் குழந்தையைக் கணவன் சற்று நேரம் வாங்கிக்கொள்ளட்டும், அவள் தூங்குவாள். மாமியார் ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளட்டும், அவள் சாப்பிடுவாள். குறை சொல்லும் வாய் ஓயட்டும், அவள் பேசுவாள்.

டாக்டர் தரும் மருந்து பாதி. வீட்டார் தரும் ஆதரவு மறுபாதி. அந்த மறுபாதிக்குத்தான் வித்யாசாகர் அன்று கூடாரம் அடித்தார்!