தில்லையாடி வள்ளியம்மையார்

மழை பொய்த்த காலத்துக் கடல் கடந்து பிழைத்தல் நம் பாலவனத்தம் போன்ற வறண்ட சீமையார்க்குப் புதிதன்று. அங்ஙனம் தென்னாப்பிரிக்கா சென்ற தில்லையாடிக் குடும்பமொன்றில், ஜோஹன்னஸ்பர்க் நகரில், 1898-ஆம் ஆண்டு பிறந்தவர் வள்ளியம்மையார்.

அவர் வாழ்ந்த டிரான்ஸ்வாலில் இந்தியர்க்கு வாக்குரிமை இல்லை. நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய கூலியாட்கள் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி இறுத்தனர். 1913-இல், கிறிஸ்தவ முறையில் நிகழாத திருமணங்கள் செல்லா என்று நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. மானம் மிக்க மகளிர் இதனைப் பொறுப்பரோ? காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில், அன்னை மங்களத்தம்மாளுடன் வள்ளியம்மையாரும் சேர்ந்தார். மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார். சிறையிற் பற்றிய சுரம் விடுதலைக்குப் பின்னும் நீங்கவில்லை. சிறை சென்றமைக்கு வருந்துகின்றாயோ என அடிகள் வினவியபோது, மீண்டும் செல்லவும் தாம் சித்தமென்றே அவர் விடையிறுத்தார். 1914 பிப்ரவரி 22-இல், பதினாறாம் வயதில், உயிர் நீத்தார்.

அவ்வாண்டே வரி ஒழிந்தது. திருமணங்கள் சட்டத்தின் ஒப்புதல் பெற்றன. ஆயினும் வாக்குரிமை வரவில்லை. 1948-க்குப் பின் நிறவேற்றுமை பின்னுங் கடுமையாயிற்று. எல்லா இனத்தாரும் ஒருங்கே வாக்களித்தது 1994 ஏப்ரலிலேதான்.

பிறப்பு நோக்கி வாயிலடைக்கும் வழக்கம் அந்நாட்டிற்கே உரியதன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலும் 1939 வரை நம் நாட்டார் பலர்க்கு அடைத்தே கிடந்தது. ஆதலின், ஒரு குலத்தின் பெயராற் கூடும் நம் சங்கத்தார், தம் மக்களை உயர்த்தும்போது பிறரைத் தாழ்த்தாதிருத்தலே அவ்வம்மையார்க்குச் செய்யும் வணக்கமென யாம் கருதுகின்றோம்.