கேஜ் கதையில் நான் சொல்லாத பாதி

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்து நண்பர்கள் வந்தபோது, ஹாஸ்டல் சாப்பாடு, மரத்தடி அரட்டை என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம், எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கே, அதைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. விலங்கியல் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மூளைப் பாடம் வந்தாலே ஃபினியஸ் கேஜ் கதையை எடுத்துவிடுவேன். கடைசி பெஞ்சுகூட வாய் பிளந்து கேட்கும். அந்தக் கதையில் பாதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

முதல் பாதி சரிதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கேவன்டிஷ் ஊருக்குப் பக்கத்தில் ரயில் பாதை போடப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கேஜ் அங்கே மேஸ்திரி. வயது 25. கெட்டிக்காரர், ஆட்களிடம் நல்ல பெயர். பாறையில் போட்ட துளைக்குள் வெடிமருந்தை நிரப்பி இரும்புக் கம்பியால் குத்தி இறுக்குவார். 1848 செப்டம்பர் 13 மாலை, மருந்து சட்டென்று வெடித்துவிட்டது. 3 அடி 7 அங்குல நீளமும் சுமார் 6 கிலோ எடையும் உள்ள அந்தக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் போய், தலையின் மேற்புறம் வழியாக வெளியே வந்து தூரத்தில் விழுந்தது. மனுஷன் சாகவில்லை! சில நிமிடத்தில் பேசினார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தே விடுதிக்குப் போனார். ஜான் ஹார்லோ என்ற இளம் டாக்டர், காயம் சீழ் பிடித்தும் கைவிடாமல் பார்த்துப் பிழைக்க வைத்தார். இடது கண் பார்வை போயிற்று.

உடம்பு தேறியது, குணம் மாறிவிட்டது. முன்கோபம், கெட்ட வார்த்தை, பிடிவாதம், போட்ட திட்டத்தை உடனே கைவிடுவது. பழைய மேஸ்திரி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஹார்லோ இதையெல்லாம் 1868-இல் எழுதினார். பேச்சும் நினைவும் கெடாமலே ஒருவருடைய நடத்தை மாறலாம், அதற்கும் மூளையின் முன்பகுதிக்கும் சம்பந்தம் உண்டு என்று விஞ்ஞானிகள் யோசிப்பதற்கு இந்தக் கேஸ் பெரிய தூண்டுதலாயிற்று.

இதற்கு மேல் நான் சொன்னதுதான் வம்பு. கேஜ் குடிகாரனாகி, எந்த வேலையிலும் நிலைக்காமல், ஊர் ஊராகத் திரிந்து செத்தார் என்று முடிப்பேன். நான் படித்த புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. ஒரு வருஷம் வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். அவன் அண்ணனுக்கு விபத்தில் தலையில் அடியாம். வீட்டுக்கு வந்தபிறகு ஆளே மாறிட்டாராம். இனி அவ்வளவுதானா என்று கேட்டான். தோளில் தட்டி அனுப்பிவிட்டேன். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மால்கம் மக்மில்லன் என்ற ஆஸ்திரேலிய உளவியல் பேராசிரியர் பழைய ஆவணங்களைத் தேடிப்பிடித்து 2000-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். குடிகாரக் கதைக்கெல்லாம் ஆதாரமே இல்லை என்று காட்டினார். கேஜ் ஒரு குதிரை லாயத்தில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்திருக்கிறார். 1852-இல் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குப் போய், ஏறக்குறைய 7 வருஷம் பயணிகள் கோச்சு வண்டி ஓட்டியிருக்கிறார். வால்பரைசோ, சான்டியாகோ பாதையில், ஆறு குதிரை பூட்டிய வண்டி! புது ஊர், புது பாஷை. நேரத்துக்குக் குதிரைகளைப் பூட்டணும், பயணிகளை அனுசரிக்கணும், கரடுமுரடான பாதையில் குதிரைகளை அடக்கி ஓட்டணும். நிதானமும் முன்யோசனையும் இல்லாதவரால் முடிகிற காரியமா? தினமும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரைத் திருத்தியிருக்கலாம் என்பது மக்மில்லனின் கருத்து. 2009-இல் அவருடைய பழைய புகைப்படம் ஒன்று வெளியானது. நல்ல கோட்டு போட்டு, ஒரு கண் மூடியிருக்க, அதே கம்பியைக் கையில் பிடித்து கம்பீரமாக இருக்கிறார்.

1859-இல் உடல்நலம் குன்றி, சான் பிரான்சிஸ்கோவிலிருந்த தாயாரிடம் வந்து சேர்ந்தார். வலிப்பு கண்டு 1860 மே 21-இல் காலமானார். வயது 36. மூளையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பின்னால் குடும்பத்தார் சம்மதத்தோடு தோண்டியெடுத்த மண்டையோடும் அந்தக் கம்பியும் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குப் போயின. கம்பி போன பாதையை அந்த மண்டையோட்டை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். 1994-இல் மூளையின் இரண்டு பக்கமும் அடி என்றார்கள். 2004-இல் இடது பக்கம் மட்டும் என்றார்கள். 2012-இல் வந்த ஆய்வு, முன்பகுதியை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளும் நிறைய அறுந்திருக்கும் என்றது. ஒரே ஒரு மனிதரை வைத்து முடிவு கட்டுவதில் உள்ள சிரமம் இது. அதனால்தான் இன்று பல நோயாளிகளை ஒப்பிட்டும், உயிரோடு இருப்பவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தும் பார்க்கிறார்கள்.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் ஒரு நோயாளியைப் பற்றிப் படித்தால், அப்புறம் அவர் என்ன ஆனார் என்று கேளுங்கள். வாத்தியாரை விடாதீங்க.

அன்று வாசலில் நின்ற பையனும் இந்தச் சங்கத்தில்தான் எங்கேயோ இருப்பான். மலர் அவன் கைக்குக் கிடைத்தால், தாமதமாக வந்த பதில் இது. அடிபட்ட எல்லாரும் கேஜ் மாதிரி தேறிவிடுவார்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவுதான் என்பதற்குக் கேஜைச் சாட்சிக்குக் கூப்பிட்டேனே, அது தப்பு. அண்ணன் எப்படி இருக்கார்ப்பா?