உலகத்தைச் சுற்றிக் காட்டிய தச்சர்

நாடு விட்டு நாடு போய் ஊர் சுற்றிப் பார்ப்பது இன்று பெரிய தொழில். 1950-ம் ஆண்டில் இப்படி நடந்த பயணங்கள் சுமார் 2½ கோடி. 2024-ம் ஆண்டில் சுமார் 140 கோடி! கப்பல், விமானம், ஓட்டல், கடைத்தெரு என்று இதில் புரளும் பணத்துக்கு அளவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு அடிகோலியவர்களில் முதன்மையானவர் ஒரு தச்சர். பணம் சேர்க்க அல்ல, குடியை ஒழிக்கவே அவர் இதைத் தொடங்கினார். அவர் பெயர் தாமஸ் குக்.

நாள் கூலி ஒரு பென்னி

தாமஸ் குக் 1808-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர், இங்கிலாந்தில் உள்ள மெல்பர்ன். (ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்பர்ன் வேறு.) சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். 10 வயதில் படிப்பை விட்டுவிட்டு, ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் கூலி ஒரு பென்னி. 14 வயதில் உறவினர் ஒருவரிடம் தச்சு வேலை கற்றார்.

பிறகு கிறிஸ்தவ மதப் பிரசாரகர் ஆனார். ஊர் ஊராகச் சென்றார். 1829-ம் ஆண்டில் மட்டும் 2 ஆயிரம் மைலுக்கு மேல் கால்நடையாக நடந்திருக்கிறார். போன இடமெல்லாம் குடியினால் கெட்ட குடும்பங்களைக் கண்டார். உழைத்துக் களைத்த தொழிலாளிக்கு, ஓய்வு நாளில் மதுக்கடையை விட்டால் போக்கிடம் ஏது? மதுவைத் தொடுவதில்லை என்று குக் சபதம் செய்தார். மற்றவர்களையும் செய்யச் சொன்னார்.

ரெயிலில் பிறந்த யோசனை

1841 ஜூன் மாதத்தில் ஒரு நாள், லெஸ்டர் நகரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு 15 மைல் நடந்து போனார். வழியில் ஒரு யோசனை தோன்றியது. புதிதாக வந்திருக்கும் ரெயிலில் ஏழைகளை வெளியூருக்கு அழைத்துச் சென்றால் என்ன? ஒரு நாளாவது மதுக்கடையை மறப்பார்களே!

ரெயில் கம்பெனியை அணுகினார். வண்டி காலியாக ஓடினாலும் கரிச் செலவு உண்டு; நிரம்பி ஓடினால், கட்டணத்தைக் குறைத்தாலும் கம்பெனிக்கு லாபம்தான். ஆள் சேர்க்கும் பொறுப்பைக் குக் ஏற்றார்.

ஜூலை 5-ந் தேதி சுமார் 500 பேர், கூரை இல்லாத பெட்டிகளில் லெஸ்டரில் இருந்து லப்பரோவுக்குப் புறப்பட்டார்கள். பாண்டு வாத்தியம் முழங்கியது. அங்கே தேநீர், விளையாட்டு எல்லாம் உண்டு; மது மட்டும் கிடையாது. போய் வரக் கட்டணம் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரியும். அதையே ரெயில் டிக்கெட்டில் செய்து காட்டினார் குக். உல்லாசப் பயணத் தொழிலின் சூட்சுமம் இன்றும் இதுதான்.

1845-ல் லாபம் கருதி முதல் பயணத்தை நடத்தினார். லிவர்பூலுக்குப் போகும் வழியைத் தாமே முன்கூட்டிப் பார்த்து, வழிகாட்டிப் புத்தகமும் அச்சிட்டுக் கொடுத்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு ஒன்றரை லட்சம் பேரை அழைத்துச் சென்றார். வாரா வாரம் சில்லறை சேர்த்து வந்த தொழிலாளிகள் அதில் ஏராளம்.

பணக்காரர்களின் எரிச்சல்

1855-ல் ஐரோப்பாவுக்கும், பிறகு சுவிட்சர்லாந்து, இத்தாலிக்கும் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனார். துணையின்றி வெளியூர் செல்லத் தயங்கிய பெண்கள் குக்கை நம்பிப் புறப்பட்டார்கள்.

பிரபுக்களுக்கு இது பிடிக்கவில்லை. இத்தாலியில் இருந்த சார்லஸ் லீவர் என்ற எழுத்தாளர், குக்கின் கூட்டத்தைக் கைதிகளோடு ஒப்பிட்டுப் பரிகாசம் செய்தார். அழகான மலையும் நதியும் பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமா? அப்படி நினைத்தவர்கள் அன்று பலர். குக் மனம் தளரவில்லை.

1868-ல் ஓட்டல் சீட்டு முறையைக் கொண்டு வந்தார. இங்கிலாந்திலேயே பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும். பாஷை தெரியாத ஊரிலும் சீட்டைக் கொடுத்தால் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். 1872-ல், 63 வயதில், சிறு குழுவோடு உலகம் சுற்றக் கிளம்பினார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா என்று 222 நாட்கள் சுற்றினார்.

தந்தையும் மகனும்

மகன் ஜான் மேசன் குக் கணக்கில் கெட்டிக்காரர். தொழிலில் தர்மத்தைக் கலப்பது அவருக்குப் பிடிக்காது. தந்தைக்கோ, தொழிலே தர்மம். தகராறு முற்றி, 1878-க்குப் பிறகு தந்தை ஒதுங்கினார். கம்பெனி மகன் கையில் மேலும் வளர்ந்தது. பம்பாயில் இருந்து ஹஜ் யாத்திரிகர்களை அனுப்பும் பொறுப்பை 1886-ல் இந்திய சர்க்கார் அதனிடம் ஒப்படைத்தது.

தந்தையின் முதுமை சோகமானது. 1880-ல் மகள் ஆனி வீட்டுக் குளியல் அறையில் இறந்தார். 1884-ல் மனைவி மறைந்தார். ஆயிரக்கணக்கானவர்களுக்கு உலகத்தைக் காட்டிய குக்கின் பார்வையும் மங்கி, மறைந்தது. பிறந்த ஊரில் ஏழைகளுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டு, 1892 ஜூலை 18-ந் தேதி கண்ணை மூடினார்.

அவர் தொடங்கிய கம்பெனி பல கை மாறி, கடன் சுமை தாங்காமல் 2019 செப்டம்பர் 23-ந் தேதி மூடப்பட்டது. அன்று அதன் ஏற்பாட்டில் வெளிநாடுகளில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அரசாங்கமே விமானங்களை அனுப்பி அவர்களை ஊர் கொண்டு வந்து சேர்த்தது.