கொழுப்பைப் பிரித்துப் பார்த்தவர்

குட்டீஸ், கையில் எண்ணெய் பட்டால் எதைப் போட்டுக் கழுவுவீர்கள்? சோப்பு! அந்த சோப்பே எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும்தான் தயாராகிறது என்பது தெரியுமா? பிசுபிசுக்கும் பொருள் எப்படி அழுக்கைப் போக்கும் பொருளாக மாறுகிறது? 200 ஆண்டுகளுக்கு முன், விஞ்ஞானிகளுக்கே இது சரியாகப் புரியவில்லை. புரிய வைத்தவர், மிஷெல் யூஜின் ஷெவ்ருல்.

பிரான்ஸ் நாட்டில், ஆன்ஜே நகரில், 1786ம் ஆண்டு ஆகஸ்ட் 31ம் தேதி பிறந்தார். தந்தை மருத்துவர். 1803ல் பாரிஸ் சென்று, வாக்லின் என்ற வேதியியல் அறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

1811ல், பன்றிக் கொழுப்பால் செய்த சோப்பு ஒன்றை ஆராய்ந்தார். அதைத் தண்ணீரில் கரைத்தபோது, முத்துப் போல மினுமினுக்கும் படிகங்கள் அடியில் தங்கின. கொழுப்புக்குள் இது எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்விக்காக, 12 ஆண்டுகள் உழைத்தார்.

கொழுப்பு ஒரே பொருள் அல்ல; கிளிசரினும், கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று கண்டுபிடித்தார். ஒரு சீப்பை நினைத்துக் கொள்ளுங்கள். கைப்பிடி கிளிசரின், அதில் மூன்றே மூன்று நீளமான பற்கள், கொழுப்பு அமிலங்கள். (மூன்று என்ற கணக்கு பிற்பாடு தெரிந்தது.) காரம் சேர்த்துக் காய்ச்சினால் பற்கள் கழன்று, காரத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன. சோப்பின் ஒரு முனை தண்ணீரோடும், மறுமுனை எண்ணெயோடும் ஒட்டும். அதனால்தான், எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரோடு போய்விடுகிறது.

பிரித்தெடுத்த பொருள் சுத்தமானதா என்று எப்படி அறிவது? மீண்டும் மீண்டும் சுத்தம் செய்து, எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்ப்பார். அந்த டிகிரி மாறாமல் நின்றால்தான் திருப்தி அடைவார். என்ன பொறுமை பாருங்கள்!

கெட்டுப்போன வெண்ணெயில் ஒரு நாற்றம் வருமே, அதற்குக் காரணமான அமிலத்தையும் பிரித்தெடுத்தார். பித்தப்பைக் கற்களில் இருந்த பொருளுக்குப் பெயர் சூட்டினார். பெரியவர்கள் பயந்து பேசும் கொலஸ்ட்ரால்தான் அது! பாவம், அதற்குக் கெட்ட பெயர் மட்டுமே மிஞ்சிவிட்டது. கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால், நம் உடல் சில ஹார்மோன்களைச் செய்யவே முடியாது. உடலின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் உள்ள மெல்லிய சவ்வு, கொழுப்பு வகைப் பொருட்களால் ஆனது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். கொழுப்போ 9 கலோரி தரும். உடல் அதைச் சேமித்து வைப்பது சும்மா இல்லை!

அந்தக் காலத்தில், ஏழை வீடுகளில் மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்திதான். ஒரே புகை, நாற்றம். கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரிக் அமிலத்தால் செய்தால், வெளிச்சமாக எரியும் என்று கண்டார். 1825ல், கே-லுசாக் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து காப்புரிமை வாங்கினார். ஆனால், வியாபாரம் கைகூடவில்லை. பின்னால் வந்த வேறு சிலர், அதே யோசனையில் வெற்றி பெற்றனர். அதற்குள் ஷெவ்ருல், பாரிசில் கோபலின் நெசவு ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராகி, வண்ணங்களை ஆராய்ந்து கொண்டிருந்தார்.

1886ல் அவருக்கு 100 வயது. நாடே விழா எடுத்தது. 1889 மார்ச் மாதம் ஈபிள் கோபுரம் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் 9ம் தேதி, 102 வயதில் ஷெவ்ருல் காலமானார். அந்தக் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களில், அவர் பெயரும் ஒன்று.