ரண வைத்தியர் பெர்ஸிவால் பாட்

தோணிக்குக் கீல் பூசி வந்த தொண்டித் துறையினர், அது தோலைவிட்டு எளிதில் அகலாதென்பதை நன்கறிவர். கீலுக்கு உறவான புகைக்கரி தொழிலாளர்க்குப் புற்றுநோய் தருமென முதன்முதல் எழுதி நிறுவியவர் பெர்ஸிவால் பாட் என்பார்.

இவர் 1714-ஆம் ஆண்டு லண்டன் மாநகரிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தார். பின்னர் செயின்ட் பார்த்தலோமியு வைத்தியசாலையில் நெடுங்காலம் ரண வைத்தியராய் விளங்கினார். 1756-இல் வீதியிற் குதிரையினின்று வீழ்ந்து கால் முறிந்தபோது, கதவொன்றை விலைக்கு வாங்குவித்து, அதன்மேற் கிடந்தே வீடு சேர்ந்தாரென்பர். படுக்கையிற் கிடந்த அந்நாட்களிலேதான் நூலெழுதவும் தொடங்கினார்.

அக்காலத்தில் வறியோர் பிள்ளைகள், குறுகிய புகைபோக்கிகளைத் துடைக்கும்பொருட்டு, இளம்பிராயத்திலேயே அவற்றினுள் ஏற்றப்பட்டனர். அவர்கள் வளர்ந்தபின் விதைப்பையில் தோன்றும் புண்ணை மேகநோயென்று மயங்கிய வைத்தியர், பாதரச மருந்தளித்து வந்தனர். என்ன கொடுமை! பாட், தோல்மடிப்பிற் படிந்த கரியே அதன் காரணமென்றும், அது புற்றென்றும், தொடக்கத்திலேயே அறுத்தெடுத்தால் உயிர் பிழைக்கலாமென்றும் 1775-இல் வெளியிட்டார்.

1788-இல் அவர் காலமானார். எட்டு வயது நிரம்பாச் சிறுவரை இவ்வேலைக்கு வைத்தலாகாதென்று அவ்வாண்டே சட்டம் பிறந்தது. ஆயினும் அதை நடத்துவிப்பார் இலர். 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. கரியின் குற்றமோ 1915-இல் மேலும் தெளிவாயிற்று: யமகிவா, இச்சிகாவா என்னும் ஜப்பானியர் இருவர், முயலின் காதில் நிலக்கரிக் கீலைப் பலமாதம் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர்.